போகிப் புகையும் கடைசி வீட்டுக் கதவும்

நம் லைன் வீட்டில் வளர்ந்தவர்கள் எல்லோரும் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டோம். போன போகியன்று நம் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எழுதியதை ஒன்று விடாமல் படித்தேன். அந்தக் காலத்துப் போகி மாதிரி வருமா என்றீர்கள். டயர் எரிந்த வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது என்றீர்கள். பேத்தி பள்ளியில் புகையில்லாப் போகி என்று படம் வரைந்து பரிசு வாங்கி வந்ததை ஒருவர் போட, "நமக்கு அப்ப யாரு சொன்னாங்க? தெரிஞ்சா செஞ்சோம்?" என்று இன்னொருவர் முடித்து வைத்தார். வரிசையாகக் கும்பிடு போட்டீர்கள்.

நான் ஒன்றும் போடவில்லை. தெரியாமல் செய்தோம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. எனக்கு அன்றைக்கே, கால்மணி நேரத்துக்குள்ளேயே தெரிந்துவிட்டது.

நம் லைன் எப்படி இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மறந்திருப்பீர்கள், அல்லது உங்கள் பிள்ளைகள் படிக்கலாம். ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் பழைய ராகிக் கொல்லையில் அவசரமாக எழுப்பிய எட்டு வீடுகள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. எதிரே ஆள் உயரத்துக்கும் மேலே காம்பவுண்டுச் சுவர். வீட்டு வரிசைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே கதவு, ஒரே ஜன்னல், இரண்டும் சந்தைப் பார்த்தபடி. நமக்கு முதுகு காட்டி இன்னொரு வரிசை இருந்தது, அது மேல் லைன், நம்முடையது கீழ் லைன்; பின்சுவர் இரண்டு லைனுக்கும் பொது, ஆகவே பின்வாசல் என்ற பேச்சே கிடையாது. சந்தின் ஒரு முனையில் கேட்டும் தண்ணீர்க் குழாயும் இருந்தன. மறுமுனை சுவரில் முட்டி நின்றுவிடும். முட்டும் இடத்தில் சந்து கொஞ்சம் அகலமாகும். அங்கேதான் கடைசி வீடு. நாங்கள் மூன்றாவது வீடு.

கடைசி வீட்டு அக்கா கல்லாவிப் பக்கத்துப் பெண். பன்னிரண்டாவது முடித்த கையோடு, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மின் பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து வந்தவள். நம் லைனில் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போன ஒரே பெண் அவள்தான். வெள்ளைக் கோட்டு, தலைமுடி வெளியே தெரியாமல் துணித் தொப்பி. அதை மாட்டிக்கொண்டு அவள் சந்தைக் கடக்கும்போது குழாயடியில் பேச்சு நிற்கும். கீறல் விழுந்ததென்று கம்பெனியில் ஒதுக்கிய லென்ஸ் ஒன்று அவளிடம் இருந்தது. கண்ணிமைக்குள் இடுக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தருவாள். அதில் சர்க்கரையைப் பார்த்திருக்கிறேன், உடைத்துப் போட்ட கண்ணாடி மாதிரி இருக்கும். என் கைரேகை உழுத கொல்லை மாதிரி தெரிந்தது.

"பெரியவளானா நானும் உங்க கம்பெனிக்கு வரட்டுமாக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வா கண்ணு. கை நடுங்கக் கூடாது, அவ்ளோதான். நடுங்காம ஒரு நிமிசம் நில்லு பாக்கலாம்" என்று என் உள்ளங்கையில் ஒரு கடுகை வைத்தாள். நான் நின்றேன்.

அந்த வருடம் மார்கழி பிறப்பதற்குச் சில நாள் முன்னால் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அடுத்த மாதமே திரும்ப வேலைக்குப் போவதாக இருந்தாள். அவள் மாமியார் கெலமங்கலத்திலிருந்து வந்து கூட இருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மருமகள் வேலைக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது அந்தச் சந்தில் எல்லோருக்கும் தெரியும். அக்காவின் வீட்டுக்காரரை நாம் அண்ணன் என்றே கூப்பிடுவோம். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர்.

நம் பக்கத்துப் போகி எரிக்கிற போகி இல்லை. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டிக் கூரையில் செருகுவார்கள். காப்புக் கட்டுவது என்று பெயர். எரிக்கிற பழக்கம் வேலை தேடி வந்தவர்களோடு வந்தது. ஆற்காட்டுப் பக்கத்திலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் வந்த குடும்பங்கள் பழைய பாய், முறம் என்று வாசலில் போட்டுக் கொளுத்தினார்கள். முதல் வருடம் கைப்பிடி அளவு நெருப்பு. அடுத்த வருடம் மேல் லைன்காரர்கள் ஒரு சைக்கிள் டயரைப் போட்டார்கள். அதற்கடுத்த வருடம் லாரி டயர். அதன் கரும்புகை ஹைவே வரைக்கும் தெரிந்தது என்று பொங்கல் முழுக்கப் பெருமையடித்தார்கள். கீழ் லைனில் நம்மிடம் எரிந்தது ஒரு கிழிந்த பாய். அந்த அவமானம் உங்களுக்கு நினைவிருக்கும். நம் செட்டில் நான்தான் பெரியவள், பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தது. அடுத்த போகிக்குள் அவர்களை அடக்கிக் காட்டுவதாகச் சபதம் போட்டவளும் நானே.

சேர்க்க ஆரம்பித்தேன். டயருக்குப் பட்டை போடும் ஷெட்டின் பின்னால் ரப்பர் சீவல் மலைபோல் கிடந்தது. ஸ்கூல் விட்டு வரும்போது பைக்குள் திணித்துக்கொண்டு வருவேன். இரண்டு லாரி டயர்களை உருட்டியே கொண்டுவந்தோம், நீங்களும்தான் உருட்டினீர்கள். செம்பை உருவிக்கொண்டு எறிந்த ஒயர் தோல், கிழிந்த சீட்டுப் பஞ்சு, ஆயில் ஊறிய கழிவுத் துணி. அப்பாவும் கொண்டுவந்தார், கம்பெனிக் குப்பைக் குழியில் கிடந்த ரப்பர் துண்டுகள் ஒரு சாக்கு நிறைய.

"நாத்தம் கொடல புடுங்கும், இத எதுக்கு எடுத்தாந்தீங்க?" என்றாள் அம்மா.

"கொழந்தைங்க ஒரு நாள் கொண்டாடுது. பொக தானா காத்துல போயிடும் போ" என்று அப்பா சிரித்தார்.

எங்கே கொளுத்துவது என்பதற்கும் நான்தான் இடம் சொன்னேன். கேட்டுப் பக்கம் காற்று அடிக்கும், நெருப்பு நிற்காது. முட்டுச்சந்து முனையில் மூன்று பக்கமும் சுவர். நின்று எரியும்.

அதாவது கடைசி வீட்டு ஜன்னலுக்கு எதிரில்.

போகிக்கு முந்தின நாள் மாமியார் மாட்டுப் பொங்கல் வேலை இருக்கிறதென்று கெலமங்கலம் போயிருந்தார். அக்கா வீட்டு வாசலில் உடைந்த கட்டில் சட்டம் ஒன்று சாத்தியிருந்தது. நல்ல காய்ந்த மரம். என் கண் அதன் மேல் இருந்ததை அக்கா பார்த்துவிட்டாள்.

"அத மட்டும் தொடாத கண்ணு. தொட்டிலுக்குக் கம்பு போட வச்சிருக்காரு உங்கண்ணன்."

"சரிக்கா" என்றேன்.

ஓசூரின் மார்கழிக் கடைசிக் காலையை நான் உங்களுக்கு விளக்க வேண்டாம். எதிரில் நிற்கிறவர் முகம் தெரியாத பனி. ஐந்தரை மணிக்கு எழுந்து வந்தபோது கூரை ஓரங்களிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. மேல் லைனில் ஏற்கெனவே தகரம் தட்டும் சத்தம் கேட்டது. எனக்குப் பதறியது. டயர்களை அடுக்கி, ரப்பரையும் ஒயர் தோலையும் உள்ளே நிரப்பினோம். மேலே வைக்க மரம் போதவில்லை. நீங்கள் யாரோ கிருஷ்ணாயில் கொண்டுவரப் போனீர்கள். அந்த நேரத்தில் நான் கடைசி வீட்டு வாசலுக்குப் போனேன். அண்ணன் நைட் ஷிஃப்ட், இன்னும் வரவில்லை. சட்டத்தை இழுக்கும் சத்தத்தில் அக்கா எழுந்து வந்து பிடுங்கிக்கொள்வாளோ என்று நினைத்தேன். கதவின் வெளித் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் தள்ளினேன். எரிய ஆரம்பித்ததும் திறந்துவிட்டால் போகிறது.

பிறகு சட்டத்தை இழுத்துக்கொண்டு வந்தேன். நான் தாழ்ப்பாள் போட்டதை யாரும் பார்க்கவில்லை.

கிருஷ்ணாயில் ஊற்றிக் கொளுத்தியதும் முதலில் மஞ்சளாக எரிந்தது. அப்புறம் ரப்பர் பிடித்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது, சேற்றில் கால் வைத்து எடுப்பது போன்ற சத்தம். புகை மேலே போகும் என்றுதான் நினைத்திருந்தோம். பனி அதை மேலே விடவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் கறுப்பாகச் சுருண்டு, கீழே இறங்கி, சந்து முழுக்கத் தரையோடு தவழ்ந்து வந்தது. நாம் எல்லோரும் கேட்டுக்கு ஓடிப்போய், அங்கே நின்று தகரம் தட்டினோம். "கீழ் லைன்! கீழ் லைன்!" என்று கத்தினோம். தகரச் சத்தத்துக்கு நடுவே இன்னொரு தட்டல் கேட்டது. அதையும் நம் தாளம் என்றே எடுத்துக்கொண்டேன்.

எத்தனை நேரம் என்று கேட்டால் கால்மணி என்றுதான் சொல்வேன். சட்டென்று என் கை தகரத்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டது. தாழ்ப்பாள் நினைவுக்கு வந்தது.

ஓடினேன். ஐந்தாவது வீட்டுக்கு மேல் போக முடியவில்லை. கண் எரிந்தது, நெஞ்சுக்குள் யாரோ கையை விட்டு முறுக்கினார்கள். திரும்பி வந்து மூச்சை வாங்கி, பாவாடையை முகத்தில் சுற்றிக்கொண்டு மறுபடி போனேன். சுவரைத் தடவிக்கொண்டே போய்க் கதவைத் தொட்டேன். உள்ளே தட்டல் நின்றுபோயிருந்தது. தாழ்ப்பாள் அடுப்பில் போட்ட கம்பி மாதிரி சுட்டது. அதை இழுத்துத் திறந்தேன். கதவை மட்டும் தள்ளவில்லை. உள்ளே என்ன இருக்குமோ என்ற பயம். அப்படியே திரும்பி ஓடி வந்துவிட்டேன்.

நான் வந்து நின்று அழ, என்ன ஏதென்று ஓடிவந்த அப்பாவும் மற்ற ஆண்களும் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் பட்டதும் புகை இன்னும் மோசமானது. கடைசி வீட்டுக் கதவை அப்பாதான் தள்ளினார். தொட்டதும் திறந்துகொண்டது. அக்கா மூலையில், குளிக்கிற இடத்துக் கல்லில், நனைத்த புடவைக்குள் குழந்தையை மூடிக்கொண்டு குப்புறக் கிடந்தாள். மூச்சு இருந்தது. குழந்தைக்கும் இருந்தது. ஆனால் அழவில்லை. அதன் மூக்கைச் சுற்றிக் கறுப்பாக இருந்தது.

வீட்டு ஓனர் காரில் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விடிந்து பார்த்தால் எட்டு வீட்டுக் கூரையிலும் செருகியிருந்த பூளைப்பூ கரித்துணி மாதிரி தொங்கியது. தொட்டித் தண்ணீரில் கருப்பு ஏடு மிதந்தது. நம்மில் பாதிப் பேர் ஒரு வாரத்துக்கு இருமினோம். அதை ஜலதோஷம் என்றார்கள்.

என் கையைப் பார்த்தது அம்மா மட்டும்தான். உள்ளங்கையில் விரல் நீளத்துக்குத் தோல் வெந்திருந்தது. அம்மா கதவைச் சாத்திவிட்டு, மாவைத் தடவிக்கொண்டே கேட்டாள். நான் முழுக்கச் சொன்னேன். ரொம்ப நேரம் என் கையையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யார் கேட்டாலும் தோசக்கல்லுல சுட்டுகினேன்னு சொல்லு."

"அம்மா, அக்கா கிட்ட..."

"சொல்லக் கூடாதுன்னா சொல்லக் கூடாது. ஊட்டக் காலி பண்ணச் சொன்னா எங்கடி போறது? ஒனக்கு இனிமே வாழ்நாள் பூரா பேரு என்னாவாயிருக்கும், தெரியுமா?"

அம்மா என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தாள். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பெண் பிறந்து, அவளும் பன்னிரண்டு வயதுக்கு வர வேண்டியிருந்தது. ஆனால் என்னை எதற்குள் வைத்துச் சாத்துகிறோம் என்பது அம்மாவுக்குத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து அக்காவும் அண்ணனும் குழந்தையோடு திரும்பினார்கள். பிழைத்துவிட்டது, ஆனால் மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போலச் சத்தம். சந்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். மாமியார் நடுவில் நின்றார்.

"ஊரே போகி கொளுத்துது. மத்த ஊட்டுக் கொழந்தைங்க நல்லாத்தானே இருக்குது? பொக வந்தா கதவத் தொறந்துகினு வெளிய வரத் தெரியாதா இவளுக்கு?"

"தொறக்கலைங்க அத்த" என்றாள் அக்கா. அவள் தொண்டை புண்ணாகிக் குரல் காற்றாக வந்தது. "வெளிய யாரோ தாழ்ப்பா போட்டிருந்தாங்க. தட்டித் தட்டிப் பாத்தேன்."

ஓனர் போய்த் தாழ்ப்பாளை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தார். எல்லோரும் என் அப்பாவைப் பார்த்தார்கள்.

"நான் தள்ளுனப்ப தொறந்துதாம்மா இருந்திச்சு" என்றார் அப்பா. அவர் கண்டதைச் சொன்னார்.

நம்மை வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார்கள். நீங்கள் எல்லோரும் இல்லை என்றீர்கள். உங்களுக்கு உண்மையாகவே தெரியாது. என் முறை வந்தபோது அம்மாவின் கை என் தோளில் இருந்தது. "இல்ல" என்றேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. என்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"அசந்து தூங்கியிருப்பா. இப்ப பயந்துகினு கத கட்டறா" என்றார் மாமியார். "இதுல வேலைக்கு வேற போவணுமாம். ஒரு நாள் நான் இல்ல, அதுக்கே கொழந்தைய இந்தக் கெதி பண்ணிட்டா."

ஒருவர் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். இன்னொருவர் பச்சை உடம்புக்காரி பயந்திருப்பாள் என்றார். கறுத்துப்போன சுவருக்கு முன்னால் நின்றுகொண்டே, புகையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எரிந்த டயரின் கம்பிகள் அவர்கள் காலடியில்தான் கிடந்தன. அந்தக் கூட்டத்தில் அண்ணன் தலையைக் குனிந்தபடி, "நீ வேலைய விட்டுடு. கொழந்தயப் பாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அக்கா கம்பெனிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கோட்டைத் திருப்பிக் கொடுத்து வந்தாள். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று மாதம் அங்கேயேதான் இருந்தார்கள். காலையில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும்போது அவள் குழாயடியில் குடத்தோடு நிற்பாள். பஸ் போகும்வரை குடம் நிரம்பி வழிவதைக் கவனிக்க மாட்டாள். நான் வீட்டுக்குள் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு தடவை என்னைக் கூப்பிட்டாள். படிக்க வேண்டும் என்று போகவில்லை. பிறகு அவர்கள் கெலமங்கலத்துக்குக் குடி போய்விட்டார்கள். அடுத்த வருடப் போகிக்கு நீங்கள் மேல் லைனைவிடப் பெரிதாகக் கொளுத்தினீர்கள். எனக்குக் காய்ச்சல் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அம்மா இருக்கும்வரை சொல்லவில்லை. அம்மா போய் மூன்று வருடம் ஆகியும் சொல்லவில்லை. ஆகவே அம்மாவைக் குற்றம் சொல்லவும் என்னால் முடியாது. நம் குழுவில் "தெரிஞ்சா செஞ்சோம்" என்று படித்த மறு வாரம், விசாரித்துக்கொண்டு கெலமங்கலம் போனேன்.

அக்கா வாசலில் உட்கார்ந்து, ஊற வைத்த அவரைக் கொட்டைகளைத் தோல் நீக்கப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. கொஞ்ச நேரம் என்னை உற்றுப் பார்த்து, "மூணாவது ஊட்டுப் பொண்ணு தானே?" என்றாள். பெண் பெங்களூரில் வேலை செய்வதாகச் சொன்னாள். பனிக்காலம் வந்தால் இன்றைக்கும் அவளுக்கு இழுப்பு, மூச்சு மருந்து பையில் இல்லாமல் எங்கேயும் போக மாட்டாள் என்றாள். மாமியார் காலமாகிப் பல வருடம் ஆயிற்று. காப்பி வைக்கிறேன் என்று எழுந்தவளை உட்கார வைத்து, நான் சொல்லிவிட்டேன். சட்டம், தாழ்ப்பாள், தகரம், சுட்ட கை, "இல்ல" என்று சொன்ன வாய், எல்லாம்.

அவள் விரல்கள் நடுவில் எங்கேயோ நின்றுவிட்டன.

"நீயா?"

"நான்தான்க்கா."

"நானே என்னைய நம்பாம போயிட்டேன், தெரியுமா?" என்றாள். "உள் தாழ்ப்பாள நான்தான் போட்டுகினு, பயத்துல தொறக்கத் தெரியாம நின்னேனோன்னு. இத்தன பேரு ஒரே மாதிரி சொல்றாங்களே, அப்ப நான்தான் தப்புன்னு. எத்தினியோ வருசம் அந்தக் கதவத் தடவித் தடவிப் பாக்கற மாதிரி கெனா வரும்."

"மன்னிச்சுடுங்கக்கா."

"அத அப்பறம் பாக்கலாம்." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "உள்ள வா. அவருகிட்ட சொல்லு."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிரஸ் ஷாப்பில் இருந்த வருடங்களில் காது போய்விட்டதாம். அக்கா அவர் முகத்துக்கு நேரே என்னை நிறுத்தினாள்.

"மெதுவா சொன்னா கேக்காது. கத்திச் சொல்லு."

சொன்னேன். தெருவில் போன இரண்டு பேர் நின்று எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்திச் சொன்னேன். அன்னிக்குக் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டது நான்தான், அக்கா சொன்னது நிஜம் என்றேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தாடை ஆட ஆரம்பித்தது. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அவருக்குக் கேக்கல" என்றாள். "இன்னொரு வாட்டி சொல்லு."

கேட்டுவிட்டது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் இன்னொரு தடவை சொன்னேன்.